ஊசி போன வழி

தூத்துக்குடி பழைய துறைமுகத்தில், மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிக் கட்டியிருந்த ஒரு தோணியின் மேல் ஐப்பசியில் ஓர் இரவு முழுக்க மழை கொட்டியது. விடிந்ததும் தார்ப்பாயின் ஒரு முனையைத் தூக்கி உள்ளே பார்த்தோம். சிமெண்ட் மூட்டை அடுக்கின் மேல் ஈரம் கோடு இழுத்திருந்தது. திட்டுத் திட்டாகப் பரவியிருக்கவில்லை. அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி ஒரு நேர்கோடு, இரண்டு முழம் தள்ளி அதற்கு இணையாக இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. அண்ணாந்து பார்த்தால் பாயின் அடிப்பக்கத்தில் தையல் ஓடிய தடமெல்லாம் நீர்மணிகள் வரிசையாகத் தொங்கின. ஒன்று கனத்து விழுந்ததும் அதே இடத்தில் அடுத்தது திரண்டது. தையலுக்கும் தையலுக்கும் நடுவே துணியைத் தடவினேன். காய்ந்திருந்தது.

கோட்டுக்குக் கீழே அகப்பட்ட மூட்டைகளை இறக்கிக் கரையில் போட்டார்கள். சிமெண்டில் ஈரம் இறங்கினால் அந்த இடம் கல்லாகிவிடும். தோணியை நடத்தும் தண்டலுக்கு முகமே செத்துவிட்டது; பாய் புதுசு, நல்ல கனத்த பச்சைக் கித்தான், போன மாதம் தைத்து வாங்கியது. பாய் தைக்கிற பெரியவரை ஆள் அனுப்பிக் கூட்டி வந்தார்கள். அவர் தையலை விரல் நகத்தால் கீறினார், நூலை ஒரு இழை பிரித்துப் பல்லில் வைத்துக் கடித்தார்.

“துணியில ஒரு கொறையும் இல்ல தம்பி. ஊசி போன வழியாத்தான் தண்ணி வருது.”

அந்த ஒரு வாக்கியம் என்னோடு பல வருஷமாக இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பன்னிரண்டு மீட்டர் நீளம், ஒன்பது மீட்டர் அகலம் கொண்ட ஒரு பாய் வேண்டுமென்றால், ஏறத்தாழ ஒரு கஜ அகலக் கித்தானில் பத்துப் பட்டைகளைப் பக்கம் பக்கமாக வைத்து மூட்ட வேண்டும். பத்துப் பட்டைக்கு ஒன்பது மூட்டுவாய். ஒவ்வொன்றும் 12 மீட்டர். ஆக 108 மீட்டர் தையல். நான்கு மி.மீ.க்கு ஒரு குத்து என்று மெஷின் ஓடினால் 27,000 துளைகள். உறுதிக்காக இரட்டைத் தையல் போடுவது வழக்கம்: 54,000. மழையை மறிக்க என்று ஒரு துணியை வாங்கி, அதில் அரை லட்சம் ஓட்டை போட்ட பிறகே அதைப் பாய் என்கிறோம். ஓட்டை போடாமல் பாய் இல்லை என்பதுதான் இதில் என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது. பட்டைகளைச் சேர்க்கும் வேலையும் நீருக்கு வழி திறக்கும் வேலையும் ஒரே ஊசியின் ஒரே குத்தில் நடக்கின்றன.

தமிழில் இந்தப் பொருளுக்குப் பல பெயர்கள். லாரிக்காரர்களின் படுதா. பழைய கப்பல் ஆட்களின் கித்தான். அரபியில் ஆளிச் செடியின் நாரைக் குறிக்கும் ‘கத்தான்’ என்ற சொல்லின் வழியில் வந்தது. கடலோரத்தில் அதிகம் புழங்குவது தார்ப்பாய். ஆங்கிலேய மாலுமிகள் தார் பூசிய போர்வைக்கு வைத்திருந்த பெயரைக் காதில் வாங்கி, நம் ஆட்கள் அதைத் தாரும் பாயுமாகப் பிரித்துக்கொண்டார்கள். கேட்டவருக்கு அது அந்நியச் சொல்லாகவே படாது. கீழே விரித்தால் படுக்கவும், மரத்தில் ஏற்றினால் காற்று பிடிக்கவும், மேலே இழுத்துக் கட்டினால் மழை மறிக்கவும் ஒரே ‘பாய்’ நமக்குப் போதுமாக இருந்திருக்கிறது. சேர்க்கும் இடத்துக்கு மூட்டுவாய் என்று பெயர். வாய் என்று சொன்னவர்கள் அது திறக்கும் என்று தெரிந்தே சொன்னார்கள் என நினைக்கிறேன்.

நீர் அந்த வாய்க்குள் எப்படி நுழைகிறது? பாதி பேர் நினைப்பதுபோல எல்லாத் துளையிலும் அது ஊற்றுவதில்லை. நீரின் மேற்பரப்புக்கு ஓர் இழுவிசை உண்டு. நீரை ஒட்டவிடாதபடி மெழுகோ வேறு பூச்சோ ஏறிய துணியில், சிறு துளையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நீர் ஒரு வில்லைபோல வளைந்து நிற்கும். ஆனால் அதற்கு ஓர் எல்லை இருக்கிறது. 1 மி.மீ. அகலத் துளை மிகச் சிறந்த பூச்சு இருந்தாலும் 3 செ.மீ. உயர நீருக்கு மேல் தாங்காது; நடைமுறையில் அதில் பாதிகூடத் தாங்குவதில்லை. துளை பாதியானால் தாங்கும் உயரம் இரண்டு மடங்காகும். பாய் தொய்ந்து நடுவில் குளம் கட்டினால் ஒழுகுவது இதனால்தான். சாய்வாக இழுத்துக் கட்டிய பாயில் நீர் தங்காமல் ஓடிவிடும். ஒரு விரற்கடை ஆழம்கூட எந்தத் துளையின் மேலும் நிற்காது. பெரியவர் இதையே வேறு விதமாகச் சொன்னார்: “தண்ணிய நிக்க விடாத. நின்னா அது வழி தேடும்.”

இரண்டாவது வழி நூல். பாலியஸ்டர் நூல் நீரைக் குடிக்காது என்பது உண்மை. ஆனால் நூல் என்பது நூற்றுக்கணக்கான மெல்லிய இழைகளின் முறுக்கு. இழைகளுக்கு நடுவே உள்ள சந்தில் நீர் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஊர்ந்துவிடும். மேல்பக்கத்து நூல் நனைந்தால் துளை வழியே போய் அடிப்பக்கத்து நூலும் நனைகிறது. அங்கே மணி திரள்கிறது. காற்று வீசும்போது பாய் இழுபடும். இழுபடும்போது ஒவ்வொரு குத்தும் நூல் இழுக்கும் திசையில் கொஞ்சம் நீண்டு கண்போல விரியும். கடலில் காற்று இல்லாத மழை அபூர்வம்.

இங்கேதான் எனக்குப் பழைய பருத்தித் தையலின் அருமை தெரிந்தது.

தூத்துக்குடியில் 1974இல் புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாக ஆவதற்கு முன், பெரிய கப்பல்கள் ஆழம் தேடிக் கரையிலிருந்து பல மைல் தள்ளியே நங்கூரம் போட்டன. கரைக்கும் கப்பலுக்கும் நடுவே சுமந்தவை தோணிகள். திருநெல்வேலிப் பருத்தி என்று இங்கிலாந்துச் சந்தையில் பெயர் வாங்கிய பஞ்சு, அழுத்திக் கட்டிய பொதிகளாக இந்தத் தோணிகளில்தான் கப்பலுக்குப் போனது. பொதியின் மேல் விரித்ததும் பருத்திக் கித்தான்தான். அதைத் தைத்ததும் மெழுகு இழுத்த பருத்தி நூல். பருத்தி நார் நீர் பட்டதும் குறுக்குவாட்டில் பருக்கும். நீளம் அவ்வளவாக மாறாது. ஆக முதல் தூறலில் கித்தானின் இழைகள் உப்பி ஒன்றையொன்று நெருக்கும், துளைக்குள் இருக்கும் நூலும் உப்பி அந்தத் துளையை அடைக்கும். முதல் சில நிமிஷம் பொட்டுப் பொட்டாகக் கசியும், பிறகு நின்றுவிடும். நனைந்த பருத்திக்கு வலுவும் கூடுகிறது. கீழே இருக்கும் பஞ்சு நனையக் கூடாது என்றால் மேலே இருக்கும் பஞ்சு நனைந்தாக வேண்டும். ஒரே செடியின் நார், ஒரே கரிசல் மண், மேலும் கீழும் இப்படி வேறு வேறு வேலை.

இன்றைய நூலுக்கு இந்தக் குணம் இல்லை. சாதாரணக் காற்றிலிருந்தே பருத்தி தன் எடையில் 8 சதவீதத்துக்கு மேல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட இழுக்காது. வெயிலிலும் மழையிலும் அது ஒரே பருமன். ஊசி போட்ட துளை நூலைவிடக் கொஞ்சம் பெரிதாகவே இருக்கும். அந்த வித்தியாசம் கடைசி வரை அப்படியே திறந்து கிடக்கும். உறுதியில், உளுத்துப் போகாமல் நிற்பதில், பூஞ்சைக்கு மசியாததில் புதிய நூலுக்குப் பழையது பக்கத்தில் வர முடியாது. அதை மறுப்பவன் இல்லை நான். பருத்திப் பாயை ஈரத்தோடு மடித்து வைத்தால் பத்து நாளில் கரும்புள்ளி விழும், ஒரு பருவத்தில் கையோடு கிழிந்து வரும். அந்தத் தொல்லையிலிருந்து தப்பிக்கத்தான் உலகம் புதிய நூலுக்கு மாறியது. ஆனால் மாறும்போது ஒரு பதில் சொல்லும் பொருளைக் கொடுத்துவிட்டு, பதிலே சொல்லாத ஒன்றை வாங்கியிருக்கிறோம். மழை வந்தது என்பது புதிய நூலுக்குத் தெரியவே தெரியாது.

இந்தக் கதை முழுவதிலும் மான்செஸ்டர் என்ற ஒரு நகரம் திரும்பத் திரும்ப வருவது எனக்கு வியப்பாக இருக்கிறது. 1823இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த சார்லஸ் மெக்கின்டாஷ் மழைத் துணிக்குக் காப்புரிமை வாங்கினார். நிலக்கரி வாயு ஆலைகளில் வீணாகிக்கொண்டிருந்த தாரிலிருந்து இறக்கிய நாப்தாவில் ரப்பரைக் கரைத்து, அந்தக் குழம்பை இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி ஒட்டினார். ஆலை வைத்தது மான்செஸ்டரில். துணியில் ஒரு சொட்டு இறங்கவில்லை. அந்தத் துணியை வாங்கிப் போன தையற்காரர்கள் வழக்கம்போல நெருக்கி நெருக்கித் தைத்துக் கோட்டு செய்தார்கள். போட்டவர்கள் தோளிலும் முதுகிலும் நனைந்து வந்தார்கள். பழி துணியின் மேல் விழுந்தது. மெக்கின்டாஷோடு சேர்ந்து தொழில் நடத்திய தாமஸ் ஹான்காக் 1857இல் எழுதி வெளியிட்ட நூலில் தையற்காரர்களால் பட்ட இந்தப் பாட்டைச் சொல்கிறார். கடைசியில் கம்பெனியே கோட்டுத் தைக்க இறங்கியது. தைத்த கையோடு மூட்டுவாய்மேல் அதே ரப்பர்க் குழம்பைத் தடவியது. நீர் புகாத துணியை விற்பது ஒரு தொழில், நீர் புகாத தையலைத் தருவது வேறொரு தொழில் என்று அவர்கள் நஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டார்கள்.

நூற்றுச் சொச்சம் ஆண்டு கழித்து 1941இல், மான்செஸ்டரின் காலிகோ பிரிண்டர்ஸ் அசோசியேஷனுக்காக வேலை பார்த்த வின்ஃபீல்டும் டிக்சனும் பாலியஸ்டர் நாரைக் கண்டுபிடித்துக் காப்புரிமைக்குப் பதிந்தார்கள். காலிகோ என்பது நம் கோழிக்கோட்டின் பெயரிலிருந்து போன சொல். பருத்தித் துணியின் பெயரைத் தாங்கிய சங்கத்தில்தான் பருத்தியை ஓரங்கட்டிய நார் பிறந்தது. அதே போர்க்காலத்தில், அதே மான்செஸ்டரில் இருந்த ஷெர்லி ஆய்வு நிலையம் எதிர்த் திசையில் யோசித்துக்கொண்டிருந்தது. கடலில் விழும் விமானிகளுக்கு உடை வேண்டும். ரப்பர் பூசினால் உள்ளே வேர்த்துக் கொட்டும். அவர்கள் நீண்ட இழைப் பருத்தியைத் தேர்ந்தெடுத்து மிக நெருக்கமாக நெய்தார்கள். உலர்ந்திருக்கும்போது காற்று போய்வரும். நீரில் விழுந்ததும் நார் உப்பிக் கண்ணிகள் மூடிக்கொள்ளும். வென்டைல் என்று அதற்குப் பெயர். தூத்துக்குடிப் பாய்க்காரர் கேட்டால் இதில் என்ன புதுமை என்பார். ஆனால் தெரிந்த ஒன்றை அத்தனை நுணுக்கத்துக்குக் கொண்டுபோனதில் எனக்கு மரியாதை உண்டு. ஒரே ஊரில், ஒரே காலத்தில், நீரைப் பொருட்படுத்தாத நாரையும் நீரைக் கண்டதும் மூடிக்கொள்ளும் துணியையும் மனிதர்கள் தேடியிருக்கிறார்கள். சந்தையில் முதலாவது வென்றது.

அமெரிக்காவின் வட கரோலினாவிலுள்ள கிளென் ரேவன் நிறுவனம் 1961இல் கொண்டுவந்த சன்பிரெல்லா என்ற அக்ரிலிக் துணிதான் இன்று உல்லாசப் படகுகளின் மேல் அதிகம் தெரிவது. நூற்பதற்கு முன்பே நாரின் கூழில் நிறம் கலந்துவிடுவதால் வெயிலில் வெளுப்பதில்லை. பல ஆண்டு நிற்கும். அதைத் தைக்கும் பாலியஸ்டர் நூலோ உச்சி வெயிலின் புற ஊதாக் கதிரில் துணிக்கு முன்பே நைந்துவிடும். அதனால் படகுக்காரர்கள் துணி நன்றாக இருக்கும்போதே தையலை மட்டும் ஒரு முறையாவது புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. வெயிலுக்கே அசையாத டெஃப்லான் வகை நூலும் வந்திருக்கிறது. விலை அதிகம், வழுக்கும், துளையை அடைக்கும் விஷயத்தில் பாலியஸ்டரைவிட எந்த வகையிலும் மேல் இல்லை.

ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று வெறித்தனமாக வீசும் மாதங்களில் தோணிகள் கடலுக்குப் போவதில்லை. கட்டிக் கிடக்கும். மரத்துக்கும் பாய்க்கும் வைத்தியம் பார்க்கிற காலம் அது. மரப் பலகைகளின் இடுக்கில் பஞ்சுத் திரியை உளி வைத்துத் தட்டி இறக்கிக் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவதைக் கலப்பத்து என்பார்கள். அதற்குத் தனி ஆட்கள், தனிக் கூலி, தனிக் கௌரவம். பாய் தைப்பவருக்கு அந்தக் கௌரவம் கிடையாது. ஆனால் இரண்டு பேரும் செய்வது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றும். இரண்டு துண்டு சேரும் இடத்தில், நனைந்தால் உப்பும் ஒன்றை வைத்து, அதன் மேல் நனையாத ஒன்றைப் பூசுவது.

அடுத்த ஆண்டு அந்தக் காலத்தில்தான் பச்சைப் பாய் பெரியவரிடம் வந்தது; அவர் வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று நாள் பார்த்தேன். முதல் நாள் பாயை வெறும் நல்ல தண்ணீரில் அலசினார், அவ்வளவுதான். எனக்கு அது வேலையாகவே படவில்லை. தையல் மடிப்புக்குள் தங்கிய உப்பு, காற்றின் ஈரத்தை இழுத்து இழுத்து அந்த இடத்தைக் காயவே விடாது. உப்பு போகாத தையலில் எந்தப் பூச்சும் பிடிக்காது. இரண்டு, மூன்று முறை அலசி, வேப்பமர நிழலில் கயிற்றில் போட்டுக் காய வைத்தார். சோப்புத்தூள் போடலாமா என்று கேட்டதற்குக் கையை ஆட்டினார். துணியில் ஏற்கெனவே ஏறியிருக்கிற பூச்சைச் சோப்பு கழற்றிவிடும். பிறகு சோப்பின் மிச்சமே நீரைத் துணிக்குள் கூட்டிக்கொண்டு போகும்.

மறுநாள் தையல் ஒவ்வொன்றையும் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். நூல் பொடியாக உதிர்ந்த இடமெல்லாம் வெண்கட்டியால் குறித்துக்கொண்டார். அங்கே பூச்சு வேலைக்கு இடமில்லை, நூலை மாற்றியே ஆக வேண்டும். செத்த நூலின் மேல் எதைப் பூசினாலும் அடுத்த காற்றில் பிரிந்துவிடும் என்பது அவர் கணக்கு. கோணி ஊசியை எடுத்து, மெழுகில் இழுத்த கனத்த நூலைக் கோத்து, பழைய துளைகளிலேயே திரும்பப் போட்டார். புதிய துளை ஒன்றுகூடப் போடவில்லை. கண் மங்கலாகிவிட்டது, விரலால் துளையைத் தடவிக் கண்டுபிடித்தே ஊசியை விட்டார். மெஷினில் அடித்தால் ஒரு மணி நேரத்தில் முடியுமே என்றேன்.

“மெஷினுக்கு பழைய ஓட்ட எங்கன்னு தெரியுமா? அது பாட்டுக்குப் பக்கத்துல ஒண்ணு போடும். ஒரு ஓட்ட ரெண்டாயிரும்.”

மூட்டுவாயின் மடிப்பையும் அவர் கவனிப்பார். இரண்டு ஓரங்களையும் ஒன்றுக்குள் ஒன்று கொக்கிபோல மடித்து, நான்கு அடுக்காக்கித் தைப்பதே நல்ல தையல். அந்த மடிப்பின் உதடு சரிவின் கீழ்ப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். ஓடு வேய்கிறவர் கீழ் வரிசையிலிருந்து மேலே போவாரே, அந்த நியாயம். உதடு மேல்பக்கம் பார்த்தால் அது வாய்க்கால். ஓடி வரும் தண்ணீரை ஏந்தித் தையலுக்குள் அனுப்பும். அந்தப் பச்சைப் பாயில் பாதி மூட்டுவாய்கள் அப்படித்தான் இருந்தன. தைத்தவருக்குத் தோணியில் எந்தப் பக்கம் முகடு வரும் என்று யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. இதை நினைக்கும்போது எனக்கு உப்பளங்களின் ஞாபகம் வரும். வடகிழக்கு மழைக்கு முன் உப்புக் குவியலைப் பனையோலையால் மூடி வைப்பார்கள். ஊசி இல்லை, நூல் இல்லை, மூட்டுவாயே இல்லை. ஓலையின் மேல் ஓலை படிந்திருக்கும், சரிவு தன் வேலையைச் செய்யும். தைக்கத் தெரிந்த பிறகு நாம் சாய்வை மறந்துவிட்டோம்.

மூன்றாம் நாள் மெழுகு. தேன்மெழுகுக் கட்டியைத் தையலின் மேல் அழுத்தித் தேய்த்தார், வெளிப்பக்கம் ஒரு தடவை, உள்பக்கம் ஒரு தடவை. பிறகு பாயை வெயிலில் விரித்துப் போட்டு, கரி போட்ட இஸ்திரிப் பெட்டியை மடித்த துணி ஒன்றின் மேல் வைத்து லேசாக ஓட்டினார். தேன்மெழுகு அறுபத்துச் சொச்சம் டிகிரியில் உருகும்; உருகியது நூலின் முறுக்குக்குள் இறங்கி, இழைகளின் சந்தை நிரப்பி, துளைக்குள் போய் உறைகிறது. மெழுகுவத்தி மலிவு என்று அதைத் தேய்ப்பவர்கள் உண்டு. அது மடிக்கிற இடத்தில் வெடித்துப் பொருக்காகிவிடும். தேன்மெழுகு வளைந்து கொடுக்கும். கடையில் ட்யூபில் கிடைக்கும் யூரித்தேன் பசைகளும் நல்லவைதான், நீண்ட நாள் நிற்கும் என்றார். தூரிகையால் உள்பக்கத் தையலில் மெல்லியதாக இரண்டு முறை பூச வேண்டும். அவர் கோபப்பட்டது ஒன்றின் மேல்தான்: சிலிக்கோன். பாத்ரூம் இடுக்கை அடைக்கிற அதே சிலிக்கோனை அவசரத்துக்குப் பாய்த் தையலில் பிதுக்கிவிடுகிறார்கள். ஆறு மாதத்தில் தோலாக உரிந்து வரும். உரிந்த பிறகும் துணியில் படிந்த அதன் வழவழப்பு போகாது; மெழுகு, பசை, பெயின்ட் எதுவும் அங்கே மறுபடி ஒட்டாது. அடுத்து வருகிறவன் கைவைக்க முடியாதபடி செய்துவிட்டுப் போகிற பழுது பார்த்தலை அவரால் மன்னிக்க முடியவில்லை. எனக்கும் முடியவில்லை.

சில்பாலின் என்று நாம் சொல்லும் பாலித்தீன் விரிப்புகள் வந்த பிறகு பல தோணிகளில் கித்தானே இல்லை. அவற்றில் பட்டைகளைச் சூட்டால் உருக்கி ஒட்டுகிறார்கள். ஊசிக்கு இடமில்லை, ஆகவே ஒழுக்கும் இல்லை. கிழிகிற வரை அருமையான பொருள். கிழிந்தால் தைக்க முடியாது, தைத்தால் துளையிலிருந்தே நீளமாகக் கிழிந்துகொண்டு போகும். பசையும் பிடிக்காது, பாலித்தீனின் மேற்பரப்பு எதையும் ஒட்டவிடாத வகை. கிழிந்தது கடலில் கிடக்கும், வலையில் சிக்கும். பெரியவரின் மகன்கள் யாரும் இந்தத் தொழிலுக்கு வராததில் ஆச்சரியம் என்ன.

ஒழுகாத தையலைத் தேடும்போதெல்லாம் சென்னைக் கடற்கரையின் மசூலாப் படகுகள் எனக்கு எதிரில் வந்து நிற்கின்றன. சென்னையில் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன், அலை உடைகிற அந்தக் கரையில் கப்பலிலிருந்து ஆளையும் சரக்கையும் இறக்கியவை அவை. ஆணி கிடையாது, உள்ளே விலாக்கட்டைகளும் கிடையாது. பலகைகளின் ஓரத்தில் துளை போட்டு, மூட்டுவாயின் மேல் தென்னை நாரையோ வைக்கோலையோ அணைத்து, கயிற்றால் இறுக்கித் தைத்திருப்பார்கள். படகே தைத்த துணிபோலத்தான். ஆணி அடித்த ஐரோப்பியப் படகு அந்த அலையில் தரை தட்டினால் பிளந்துவிடும். இது வளைந்து, நெளிந்து, பலகைக்குப் பலகை அசைந்து கொடுத்து மணலில் ஏறும். அசைந்து கொடுப்பதால் கசியும். இறைக்க என்று ஆள் உட்கார்ந்திருப்பான். கயிறு நனைந்து உப்பி ஓரளவு அடைக்கும், மிச்சத்தை அவன் இறைப்பான். பதிமூன்றாம் நூற்றாண்டில் ஹோர்முஸ் பக்கம் இப்படித் தைத்த கப்பல்களைப் பார்த்த மார்க்கோ போலோ, தேங்காய் நார்க் கயிற்றால் தைத்து மீன் எண்ணெய் தடவிய மட்டமான கப்பல்கள் என்று சொல்லிவிட்டார். 2010இல் அதே முறையில் கயிற்றால் தைத்துக் கட்டிய ‘ஜூவல் ஆஃப் மஸ்கட்’ கப்பல் ஓமனிலிருந்து சிங்கப்பூர் வரை பாய் விரித்துப் போய்ச் சேர்ந்தது. 2025 மே மாதம் நம் கடற்படை கார்வாரில் சேர்த்துக்கொண்ட ‘கௌண்டின்யா’வும் கயிற்றால் தைத்ததே. தையலைக் கசிவின் பெயரால் மட்டும் மதிப்பிட்டவர்கள் அது எதைத் தாங்குவதற்காகக் கசிந்தது என்று கேட்கவில்லை.

மரத்தின் துளைகளையும் வலையின் முடிச்சுகளையும் காக்க இந்தியக் கடலோரங்களில் பனிச்சங்காய்ச் சாறு பயன்பட்டிருக்கிறது. கையில் பட்டால் இரண்டு நாளைக்குப் போகாத பிசின். அதில் ஊறும் துவர்ப்பு நாரை உளுக்காமல் காக்கும், பிசுபிசுப்பு இடுக்கை அடைக்கும். இப்போது பெயரைச் சொன்னாலே திரும்பிப் பார்க்கிறவர்கள் வயதானவர்கள்.

பெரியவர் தரையில் உட்கார்ந்தே தைப்பார். பாயின் கனம் மடியில் இருக்கும். எழும்போது இரண்டு கையையும் முட்டியில் ஊன்றிக் கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார். மழை வருவதற்கு முதல் நாளே மூட்டு சொல்லிவிடும் என்றார். துணி சேரும் இடத்துக்கும் எலும்பு சேரும் இடத்துக்கும் நாம் ஒரே சொல்லை வைத்திருப்பது அவர் சொன்ன பிறகே எனக்கு உறைத்தது. அசைய வேண்டியிருக்கிற இடம் எதுவோ அது முதலில் தேய்கிறது, மழையை முதலில் உணர்கிறது. அசையாத ஒன்றாக வார்த்துவிட்டால் ஒழுக்கு இல்லை, வலி இல்லை. மடித்து வைக்கவும் முடியாது.

அந்தப் பச்சைப் பாயை அவர் மறுபடி தைத்துக் கொடுத்தபின், ஆவணிக் கடைசியில் தோணி புறப்படத் தயாரானது. மழை ஏதும் வரவில்லை. நம்பிக்கைக்காக, இழுத்துக் கட்டிய பாயின் மேல் முகட்டிலிருந்து குழாய் வைத்து அரை மணி நேரம் தண்ணீர் விடச் சொன்னார். தண்ணீர் மேலே இரைச்சலோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே குனிந்து போனார். நானும் பின்னாலே போனேன். உள்ளே இருட்டும் மெழுகு வாசனையும். ஒளியை மூட்டுவாய் மூட்டுவாயாக மெல்ல நகர்த்தினார். முதல் வரி காய்ந்திருந்தது. இரண்டு, மூன்று, நான்கு. ஏழாவதில் பின்பக்கம் கயிறு கட்டும் வளையத்துக்கு ஒரு சாண் தள்ளி ஒரு மணி தொங்கியது. அது கனத்து விழும் வரை பார்த்தார். அடுத்தது திரள எவ்வளவு நேரம் ஆகிறது என்று உதட்டுக்குள் எண்ணினார்.

“வெண்கட்டி குடு தம்பி.”

ஈரத்தில் வெண்கட்டி எழுதவில்லை. சட்டை நுனியால் அந்த இடத்தைத் துடைத்துவிட்டு, வட்டம் போட்டார்.